தோளுக்கு ஒரு தலையணை

சங்கிலியம்மாள் அளவு நாடாவை வலது தோளில் வைத்ததும் பாண்டியராஜன் ஓரடி பின்னால் போய்விட்டார். ஆள் ஆறடி. பதினேழு வருஷம் மிலிட்டரியில் லாரி ஓட்டியவர். ஊருக்கு வந்தபின் ஒன்பது வருஷமாகப் போடியில் ஒரு பேங்க் வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவல் நிற்கிறார். அவர் மீசையைப் பார்த்தே பாதிப்பேர் ஒழுங்காக வரிசையில் நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவர் ஒரு துணி நாடாவுக்குப் பின்வாங்கியதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். எட்டு மாதமாக அந்த வீட்டில் அந்தத் தோளைப் பற்றி யாரும் சிரிப்பதில்லை.

"என்னத்துக்கு இப்படி வெலகுறீக? நாடாதான."

"தொடாம அளந்துக்க."

"தொடாம எப்படி அளக்குறது? கண்ணாலயா?"

சங்கிலியம்மாள் இலவம் பஞ்சுக் கம்பெனியில் தலையணை தைப்பவள். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேனியில் ஒரு கடைக்குப் போகவேண்டிய இரண்டு தலையணை மூட்டைகளை மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு பாண்டியராஜன் கிளம்பினார். மூட்டை முன்னால் மறைத்ததில் கோடாங்கிபட்டி வேகத்தடை கண்ணில் படவில்லை. விழுந்தவர் அந்த மூட்டைகளின் மேலாவது விழுந்திருக்கலாம். அவை ஒரு கீறல் இல்லாமல் ரோட்டோரம் கிடக்க, இவர் மட்டும் தார் ரோட்டில் விழுந்து வலது காறை எலும்பை முறித்துக்கொண்டார். எலும்பு ஒட்டிவிட்டது. பரிசோதித்த டாக்டரும், "தாராளமா துப்பாக்கி சுடலாம், போங்க" என்று சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ஒட்டிய இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு நின்றுவிட்டது. பக்கத்தில் யாராவது கதவைச் சாத்தினாலும் பாண்டியராஜனின் இடது கை தானாகப் போய் அந்த மேட்டை மூடிக்கொள்ளும்.

பேங்க் காவலர்களுக்கு வருஷம் ஒருமுறை சுடும் பயிற்சி உண்டு. ஐந்து தோட்டா. அதில் குறைந்தது மூன்று, குறிப் பலகையில் பட வேண்டும். படாவிட்டால் அந்த வருஷத்தோடு வேலை போய்விடும். எட்டு வருஷம் பாண்டியராஜன் அதை ஒரு பொருட்டாகவே எடுத்ததில்லை. சுட்டால் துப்பாக்கி பின்னால் உதைக்கும். உதைத்தால் உதைக்கட்டும் என்று நிற்பார். உடம்பு வாங்கிக்கொள்ளும். இந்த வருஷத் தேதி போட்ட காகிதம் வந்த அன்று அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் யாரிடமும் பேசாமல் திரிந்தார். நாலாம் நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு மனைவியிடம் மட்டும் சொன்னார். "எனக்குப் பயமா இருக்கு சங்கிலி. ஒரு ஒத கொடுத்தா மறுபடி ஒடிஞ்சு போயிருமோன்னு இருக்கு."

கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். உள்ளங்கை அகலத்தில், மூன்று விரல் கனத்தில், முதல்தர இலவம் பஞ்சை அமுக்கி அமுக்கித் திணித்து, தோளுக்கு ஒரு தலையணை தைத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பேங்க் ஷட்டரை இறக்கியபின், பின்புறம் சாப்பாட்டு அறையில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, பாண்டியராஜன் அந்தத் தலையணையைச் சட்டைக்குள் செருகினார். தரை துடைக்கிற மாப்புக் கட்டையைத் துப்பாக்கி மாதிரித் தோளில் வைத்துக் குறி பார்த்தார். அந்த நேரம் பார்த்தா, மறந்துவிட்ட டிபன் பாக்ஸை எடுக்க ஜெபஷீலா உள்ளே வர வேண்டும்?

ஜெபஷீலா கவுண்டரில் இருக்கிற பெண். தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் வைகுண்டராஜின் மகள். முப்பது வயது ஆகப்போகிறது, ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் தெரியும். மாப்பையும் மீசையையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று பாண்டியராஜன் காத்திருந்தார். அவள் டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, "பின்னால சாயுறீங்கண்ணே" என்றாள்.

"மேடம்?"

"உதைக்குப் பயந்து பின்னால சாயுறீங்க. கட்டைக்கும் தோளுக்கும் நடுவுல இடம் விடுறீங்க. அப்படி விட்டாத்தான் வலிக்கும்."

கோயம்புத்தூரில் படித்தபோது மூன்று வருஷம், பறக்கிற மண் தட்டுகளை இதே ரகத் துப்பாக்கியால் சுட்டுப் பழகியவளாம். பேங்கில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால்தானே சொல்வதற்கு. முதல் வாரம் தோள் நீலம் பாரித்துப்போய், விஷயம் தெரிந்த அப்பா, "இந்தக் கருமம் வேண்டாம், ஊருக்கு வந்து சேரு" என்று போனில் சத்தம் போட்டிருக்கிறார். இவள் கேட்கவில்லை.

"மேடம், நான் ஆறடி ஆளு. நீங்க..."

"அதான்ணே விஷயம். உங்களுக்கு உடம்பு இருந்துச்சு, அதனால கத்துக்கவே இல்ல. எனக்கு உடம்பு இல்ல, கத்துக்காம முடியல."

பாண்டியராஜன் மாப்பைத் தோளிலிருந்து இறக்கினார்.

அவள் மாப்புக் கட்டையின் ஒரு முனையை அவர் இடது தோளுக்கு முன்னால், நல்ல தோளுக்குத்தான், இரண்டு விரல் தள்ளிப் பிடிக்கச் சொன்னாள். மறுமுனையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். ணங்கென்று எலும்பில் இடித்தது. அடுத்து, அதே கட்டையைத் தோளோடு இறுக்கிப் பிடிக்கச் சொல்லி அதே தட்டைத் தட்டினாள். உடம்பு மொத்தமும் லேசாக ஆடியதே தவிர எங்கும் இடிக்கவில்லை. பாண்டியராஜன் இன்னொரு தரம் தட்டச் சொன்னார். பிறகு இன்னொரு தரம். மூன்றாவது தட்டில் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எட்டு வருஷம் வாங்கிய உதையெல்லாம் வெட்டியாக வாங்கியதுதானா!

"இடைவெளி விடாதீங்கண்ணே. அம்புட்டுதான். தனியா விட்டா அது உங்கள வந்து அடிக்கும். சேத்து அணைச்சுக்கிட்டா உங்களையும் தள்ளிக்கிட்டுப் போகும், அடிக்காது."

அதற்கப்புறம் பத்து நாள், தினமும் ஷட்டர் இறங்கியபின் கால் மணி நேரம். முழங்கையைத் தூக்கினால் காறை எலும்புக்குக் கீழே, கைக்கு உள்பக்கம் ஒரு குழி விழும். துப்பாக்கிக் கட்டை அந்தக் குழியில்தான் உட்கார வேண்டும், எலும்பின் மேலும் இல்லை, புஜத்திலும் இல்லை. கன்னம் மரத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். இடது கால் முன்னால், முழங்கால் கொஞ்சம் தளர்வாக, காற்றை எதிர்த்து நடக்கிறவன் மாதிரி முன்னால் சாய வேண்டும். ஒரு நாள் மேனேஜர் எட்டிப் பார்த்தார். பேங்கின் துப்பாக்கிக்காரர் மாப்பைக் கட்டிக்கொண்டு நிற்பதையும், கவுண்டர்ப் பெண் அதைத் தட்டுவதையும் பார்த்தவர், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். கடைசி மூன்று நாள் நிஜத் துப்பாக்கியே வந்தது. குழல் இரண்டையும் மடக்கித் திறந்து, காலி என்று இருவரும் தனித்தனியாகப் பார்த்து, சுவரைப் பார்த்து நின்று பழகினார்.

தலையணையை ஜெபஷீலா முதல் நாளே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். "நல்ல மனசாத்தான் தச்சிருக்காங்க. ஆனா இம்புட்டு கனமா இருந்தா கட்டை குழியில உக்காராது, கைப்பக்கம் வழுக்கும். பஞ்சு அமுங்கி முடிஞ்சதும் அதே வேகத்துல இடிக்கும்."

பாண்டியராஜன் தலையாட்டினார். ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய், இதை மட்டும் சொல்லாமல் இருந்தார். எப்படிச் சொல்வது? தினமும் அந்தத் தலையணையைச் சங்கிலியம்மாள் வெயிலில் காயப்போட்டு, பஞ்சு உப்பியதும் தட்டிப் பார்த்து எடுத்து வைக்கிறாள். ஜெபஷீலாவுக்கு ஒரு நாள் கம்பம் பன்னீர் திராட்சை ஒரு கவர் நிறைய வாங்கி வந்து கவுண்டர் மேல் வைத்தார். அவள் "லஞ்சமாண்ணே?" என்று கேட்டு நாலு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். இத்தனை கருணையையும் வாங்கிக்கொள்ள ஒரு மனிதனுக்கு எத்தனை கைதான் இருக்கிறது என்று அன்று முழுக்க அவருக்கு நெஞ்சு நிறைந்து கிடந்தது.

சுடும் நாள் காலையில் இஸ்திரி போட்ட யூனிஃபார்மை எடுத்தால், வலது தோளின் உள்பக்கம் தலையணை வைத்துத் தைத்திருந்தது.

"நழுவுமேன்னு நல்லா வச்சு தச்சிட்டேன்" என்றாள் சங்கிலியம்மாள். ஆள்காட்டி விரலில் ஊசி குத்திய தடம் இரண்டு இருந்தது. "இன்னிக்கு நான் தேனிக்குச் சரக்கு கொண்டாரேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். முடிச்சிட்டு நேரா அங்கன வந்துருங்க."

சொல்ல வாயைத் திறந்த பாண்டியராஜன் சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தானைப் போட்டார்.

தேனிக்கு வெளியே ஒரு பாறைக் கரட்டின் அடிவாரத்தில் சுடும் இடம். ஏழெட்டுப் பேங்குகளின் காவலர்கள் வந்திருந்தார்கள். நடத்துகிறவர் செக்யூரிட்டி ஆபீசர் பொன்னுராஜ், காது கொஞ்சம் மந்தம் என்பதால் எல்லாரும் செவிடு என்று நினைத்துப் பேசுவார். பாண்டியராஜன் முறை வந்தது. முழங்கையைத் தூக்கினார், கட்டையைக் குழிக்குக் கொண்டுபோனார். குழியில் தலையணை உட்கார்ந்திருந்தது. கட்டை அதன்மேல் நின்று தடுமாறியது. அழுத்தினால் பிதுங்கி வெளியே தள்ளியது. பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள். சுட்டார்.

கட்டை வழுக்கிப் புஜத்தில் குத்தியது. கண்ணில் பூச்சி பறந்தது. பலகையில் ஒரு பொட்டு கூட இல்லை. துப்பாக்கியைத் தாழ்த்தியபோது இடது கை தானாகப் போய்த் தோளைப் பொத்திக்கொண்டதைப் பக்கத்து ஆளும் பார்த்துவிட்டார். இன்னும் நாலில் மூன்று பட வேண்டும். எட்டு மாதப் பயம் மொத்தமும் வந்து அந்தப் புளியங்கொட்டை மேட்டில் உட்கார்ந்துகொண்டது.

துப்பாக்கியை மடக்கித் திறந்து மேஜையில் வைத்தார். "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார். தையலைப் பிய்த்தால் வரவில்லை. தலையணைக்காரி தையல், அவ்வளவு லேசில் விடுமா? பல்லால் கடித்தார். கடைசியில் யாரோ சாவிக்கொத்தைக் கொடுக்க, அதை விட்டு நெம்பியதில் துணியும் சேர்ந்து கிழிந்து தலையணை கையோடு வந்தது.

"என்னய்யா பாண்டியராஜன், தூங்கவா வந்த?" என்று பொன்னுராஜ் கத்தியதில் கரடே சிரித்தது.

பாண்டியராஜனும் சிரித்துவிட்டார். சிரித்ததில் மூச்சு இறங்கியது. கிழிந்த சட்டையை மாட்டினார், தலையணையைப் பேன்ட் பைக்குள் திணித்தார். இடது கால் முன்னால். கன்னம் மரத்தில். இடைவெளி விடாதீங்கண்ணே. துப்பாக்கியைக் குழியோடு சேர்த்து இறுக்கி அணைத்தார். அந்த மேட்டுக்குக் கீழே, உயிருக்குப் பயந்து பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்த இடத்திலேயே.

இரண்டாவது பட்டது. உடம்பு ஒரு ஆட்டம் ஆடி நின்றது, அவ்வளவுதான். மூன்றாவதும் பட்டது. நாலாவது ஓரமாகப் போயே போய்விட்டது. ஐந்தாவதற்கு முன்பு அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். பலகையின் நடுவில் பொத்தல் விழுந்தது.

மரத்தடிக்கு வந்து முதல் வேலையாக ஜெபஷீலாவுக்குப் போன் போட்டார்.

"மூணு பட்டிருச்சு மேடம். வேலை நின்னுருச்சு."

"நின்னுருச்சா!"

"இல்ல இல்ல, தங்கிருச்சுன்னு சொல்றேன்." போனைப் பிடித்தபடியே ஒரு கையால் கும்பிட்டார். "தாயி... நீ நல்லா இருக்கணும் தாயி. என் கொலதெய்வம் மாதிரி வந்து சொல்லிக் குடுத்த."

"மிச்சம் ரெண்டு என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணு என் தப்பு. மொதக் குண்டு, வீட்டுக்காரிக்காகச் சுட்டது."

தேனி பஸ் ஸ்டாண்டில் சங்கிலியம்மாள் முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கிழிந்த தோளைப் பார்த்தாள். பாஸ் என்று சொன்னதும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டாள். போடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின் அவர் பையிலிருந்து தலையணையை எடுத்து அவள் மடியில் வைத்தார். ஜெபஷீலா சொன்னது, தான் மறைத்தது, பல்லால் கடித்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

அவள் நூல் தொங்கிய ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "அப்ப நான் தச்சது வீணு."

"வீணுன்னு யாரு சொன்னா? நீ இதைத் தைக்கலேன்னா அந்த மாப்புக் கட்டையைக் கூட நான் தோள்ல வச்சிருக்க மாட்டேன். காகிதத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வீட்டுல படுத்திருப்பேன்."

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல."

"பயமா இருக்குன்னு சொன்னேன்ல. ஒரே மாசத்துல ரெண்டு வார்த்தையா?"

அவள் சிரித்தாள். எட்டு மாதச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்ததில் முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.

இத்தனை நாளும் பஸ்ஸில் பாண்டியராஜன் ஜன்னலோரம்தான் உட்காருவார். வலது தோளை ஜன்னல் பக்கம் வைத்து, அதற்கும் ஒரு சாண் இடம் விட்டு, யார் கையும் படாமல் பார்த்துக்கொள்வார். இன்று ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டிருந்தார். அவள் அதைக் கவனித்தாளோ இல்லையோ, கொஞ்ச நேரத்தில் தூங்கிவழிந்தாள். ஆனால் தூக்கத்திலும் கழுத்தை விறைப்பாக வைத்திருந்தாள். தலை அவர் தோள் வரைக்கும் வரும், படாமல் திரும்பிப் போகும். பழகிப்போய்விட்டது அவளுக்கு.

கோடாங்கிபட்டி வந்தது. வேகத்தடைக்கு இன்னும் பத்துப் பதினைந்து அடிதான் இருக்கும், டிரைவர் பிரேக்கில் கால் வைக்கிற மாதிரித் தெரியவில்லை. பாண்டியராஜன் இடது கையை நீட்டி அவள் தலையைத் தன் பக்கம் இழுத்தார். காறை எலும்புக்குக் கீழே, அந்தக் குழிக்குள் வைத்து, இறுக்கி அணைத்துக்கொண்டார்.

பஸ் தூக்கிப் போட்டது. இருவரும் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்கினார்கள். அவள் மடியில் இருந்த சின்னத் தலையணை துள்ளிக் கீழே விழுந்து, சீட்டுக்கடியில் உருண்டு முன்னால் போனது. இருவரில் ஒருவரும் குனியவில்லை.