வாய்க்கூடை

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர் அல்ல பால்காரர். ஆனால் பச்சையெல்லாம் சத்து என்று நம்பினார். அவருடைய நிலத்தில் புல் முழங்கால் உயரம் நிற்கும். அதை வயிறு முட்டத் தின்றுவிட்டு, அவருடைய செவலைப் பசு கொடியில் காயும் துணியைத் தின்றது, சுவரை நக்கியது, டயர்த் துண்டை மென்றது. போதாக்குறைக்கு நாளுக்கு நாள் இளைத்தது, சினையும் நிற்கவில்லை. தன் நல்ல சட்டையில் ஒரு கை காணாமல் போன அன்று, பால்காரர் அதன் வாயில் கூடையைக் கட்டினார். தீனி நேரத்துக்கு மட்டும் அவிழ்ப்பார்.

கடைசியில் அடிமாட்டு வியாபாரிக்கே சொல்லி அனுப்பிவிட்டார். கன்றிலிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்த மனைவி நேராகப் போய் மாட்டு டாக்டரம்மாவைக் கூட்டிவந்து தொழுவத்தில் நிறுத்திவிட்டாள்.

“வஞ்சகமில்லாம போடறேன் டாக்டர். இதுக்குக் கொழுப்பு!” என்றார் பால்காரர்.

டாக்டரம்மா நிறம் மங்கிச் சொரசொரத்த முடியைத் தடவிப் பார்த்தாள். “கொழுப்பு இல்லைங்க, குறை. மண்ணுல செம்பு, கோபால்ட்டு மாதிரி சத்து இல்லைன்னா புல்லுக்கு எங்கேருந்து வரும்? சிட்டிகைதான் வேணும், ஆனா அது இல்லாம மாடு தேறாது. தாது உப்புக் கலவை தர்றேன், தினமும் தவிட்டுல கலந்து வைங்க. பாவம், அது திருடலை, கேட்டிருக்கு. நீங்க வாயைக் கட்டிட்டீங்க.”

அவள் போனதும் பால்காரர் கூடையை அவிழ்த்து எறிந்தார். தவிட்டில் கலந்து வைத்ததைப் பசு தொட்டியின் அடிவரை நக்கியது.

“வியாபாரியை வர வேண்டாம்னு சொல்லிடறேன்” என்றார்.

மனைவி பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னாள். “பெரியவன் வயித்துல இருந்தப்போ நான் அடுப்புச் சாம்பல் தின்னேன். உங்களுக்கு வெட்கமாப் போச்சு. அடுப்படியைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போனீங்க.”

பூட்டியது மட்டுமா? ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததும் அவருக்கு நினைவு வந்தது.

“இப்பவும் உண்டா?”

“சாக்பீஸ். நீங்க வெளியே போனதும்.”

அவள் விரல் நகங்கள் வெளுத்துக் கிடந்ததை அப்போதுதான் பார்த்தார். பெற்று வளர்த்து, கறந்து, கழுவி ஓய்ந்த கை. அவருக்கு அழுகை வந்தது.

“கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“நான் என்ன மாடா, வைத்தியம் பார்க்க?”

“மாட்டுக்கு நீ இருந்தே. உனக்குத்தான் யாரும் இல்லாமப் போயிட்டோம்.”