மன்னார் முகவரி

வரைபட அலுவலகத்தில் சச்சிதானந்தனுக்குப் பக்கத்து மேசை எம்லினுடையது. எம்லின் வேல்ஸ் நாட்டுக்காரன், அதிலும் வடக்கு வேல்ஸ். அந்த "அதிலும்" என்ற சொல்லை விட்டுவிட்டு யாராவது அவனை அறிமுகப்படுத்தினால் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

எழுபத்தெட்டாம் ஆண்டு மே மாதம் அது. அடுத்த மாதம் வேல்ஸ் ரக்பி அணி சிட்னிக்கு வரவிருந்தது. சிட்னியில் இருந்த வெல்ஷ்காரர் எல்லாம் டிக்கெட்டுக்கு அலைய, எம்லின் மட்டும் கடுகடுத்துக்கொண்டு திரிந்தான்.

"வாறது வேல்ஸ் அணியில்லை, தெற்கு வேல்ஸ் அணி" என்பான். அவன் பேசியது ஆங்கிலம்தான். சச்சியின் காதில் விழுந்தபடி இங்கே சொல்கிறேன். "ஆள் எடுக்கிறவங்கள் நிலக்கரி ஊர்களைத் தாண்டி வடக்கே வரமாட்டாங்கள். என்ரை அண்ணன் கல்லுக்குழியில வேலை செய்துகொண்டு பதினாறு வருஷம் விளையாடினவன். முழங்கால் முறியுமட்டும் ஒருத்தனும் வந்து எட்டிப் பார்க்கேல்லை."

புலம்பி அலுத்து, கடைசியில் எம்லின் ஒரு திட்டம் எழுதினான். வேல்ஸ் நாட்டை நாலு பகுதியாகப் பிரிக்க வேண்டும். பகுதிக்கு ஒரு அணி. தேசிய அணிக்கு ஆள் தெரிவுசெய்யும்போது ஒவ்வொரு பகுதியிலிருந்தும் குறைந்தது மூன்று பேரையாவது கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிட்னி வெல்ஷ்காரரின் சங்கக் கூட்டத்தில் இதை நிறைவேற்றி, அணியோடு வரும் அதிகாரிகளின் கையில் கொடுப்பது என்று ஏற்பாடு.

வரைபடம் கீறித் தரும் வேலை சச்சியின் தலையில் விழுந்தது. இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் பதினொரு வருஷம் கோடு கீறியவன். மூன்று மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் முடித்துவிட்டான். வடக்குக்கு மட்டும் பச்சை நிறம் தீட்டும்போது, பக்கத்தில் கிடந்த திட்டத்தின் நாலாவது விதி கண்ணில் பட்டது. "ஆட்டக்காரனின் முகவரி எந்தப் பகுதியில் இருக்கிறதோ, அவன் அந்தப் பகுதிக்காரன்."

சச்சியின் பென்சில் நின்றுவிட்டது.

இந்த விதியில் எத்தனை பெரிய ஓட்டை இருக்கிறது என்று அந்த அலுவலகத்தில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. அந்த ஓட்டைக்குள்ளால் தன் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவனே அவன்தான்.

எழுபத்துநாலில் அரசாங்கம் பல்கலைக்கழக இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நல்ல மார்க்ஸ் எடுத்தும் வெளியே நின்றார்கள். சச்சியின் தம்பி சிறி அவர்களில் ஒருவன். வீட்டில் இழவு விழுந்த மாதிரி அழுகை. சச்சிக்கு அப்போது மன்னாரில் வேலை, அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வாசம். மன்னார் பின்தங்கிய மாவட்டம். அங்கே மருத்துவத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான், ஆனால் போட்டி குறைவு. அடுத்த முறை சிறி மன்னாரிலிருந்து பரீட்சை எழுதினான். குவார்ட்டர்ஸ் முகவரியைக் கொடுத்தது சச்சி. "இவன் இவ்விடத்து வாசி" என்று ஊர் அதிகாரியான விதானையாரிடம் கையெழுத்து வாங்கியதும் சச்சி. சிறி அந்த வீட்டில் படுத்தெழும்பியது மொத்தம் பத்து நாள்.

எங்களிடமிருந்து அரசாங்கம் பறித்தது, அதை நாங்கள் திருப்பி எடுத்தோம். சச்சி அன்றைக்கு இப்படித்தான் நினைத்தான், நிம்மதியாகவும் தூங்கினான்.

அடுத்த வருஷம் மன்னாரிலேயே யோகாவைக் கல்யாணம் செய்தான். மூன்றாம் மாதம், சோறு வடித்துக்கொண்டு நின்றவள் தன் தம்பி வரதராஜாவைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"மருத்துவத்துக்கு எங்கட மாவட்டத்தில கடைசி இடம் அவனுக்குத்தான் வந்திருக்க வேணும். ஆரோ ஒரு யாழ்ப்பாணத்துக் கள்ளன் இஞ்சத்தை முகவரியைக் குடுத்து எழுதிப்போட்டுப் போயிட்டான். ஆளின்ரை மூஞ்சியும் தெரியாது, பேரும் தெரியாது. நாசமாய்ப் போவான்."

சச்சி சிகரெட் வாங்கிவருவதாகச் சொல்லி வெளியே போனான். அவனுக்குச் சிகரெட் பழக்கமே கிடையாது.

அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை. சிறி யாழ்ப்பாணத்துப் பட்டியலில் எடுபட்டவன் என்றே யோகா நம்பினாள். வரதன் மன்னாரில் மீன்பிடிச் சங்கத்தில் கிளாக்கராக இருக்கிறான், ஐஸ் பெட்டிகளுக்குத் துண்டுச் சீட்டு எழுதிக்கொண்டு. சிட்னியிலிருந்து மாதாமாதம் யோகா அவனுக்கு விமானக் கடிதம் எழுதுவாள். அடியில் சச்சி இரண்டு வரி சேர்ப்பான். "இங்கிலீசைப் பழகும். மனதைத் தளரவிட வேண்டாம்." அந்த இரண்டு வரியை எழுதும்போது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும். என்றாலும் எழுதுவான்.

"திட்டத்தில பிழை ஏதும் இருக்கோ?" என்று எம்லின் கேட்டான்.

"ஒண்டுமில்லை" என்றான் சச்சி.

ஆனால் அன்று முழுதும் அவனுக்கு வேலை ஓடவில்லை. அடுத்த நாள் காலையில் எம்லினின் மேசைக்குப் போய் நாலாவது விதியை வெட்டிவிட்டு, "அந்தப் பகுதியில் ஐந்து வருஷமாவது பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும்" என்று தன் கையால் எழுதினான். எம்லின் அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். "உனக்குச் சட்டத்தரணி மூளையடா" என்றான். தட்டு வலித்தது, பாராட்டு அதைவிட வலித்தது.

சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஆஷ்ஃபீல்டில் ஒரு தேவாலய மண்டபத்தில். எம்லினின் மனைவி கேட்டுக்கொண்டதால் யோகா அறுபது பற்றிஸ் பலகாரம் பொரித்துக்கொண்டு வந்திருந்தாள். வரைபடம் சுவரில் தொங்கியது. எல்லாம் நன்றாகத்தான் போனது, க்ளின் எழும்பும்வரைக்கும். க்ளின் தெற்கத்தியான், நிலக்கரி ஊர்க்காரன், குரலும் அப்படித்தான்.

"இந்த நாலாவது விதி எங்களுக்கு அவமானம்" என்றான். "ஒரு விளையாட்டுக்காக எந்த வெல்ஷ்காரன் கள்ள முகவரி குடுப்பான்? முகவரி இருந்தால் போதும். இந்தப் பள்ளிக்கூடக் கதையை எடுங்கோ."

மண்டபம் கைதட்டியது. பெரும்பாலானவர் தெற்கத்தியார். எம்லினின் முகம் வெளுத்துவிட்டது. விதி போனால் வடக்கின் மூன்று இடமும் தெற்குக்கே போகும், திட்டம் வெறும் கடதாசி. அவன் சச்சியைப் பார்த்தான். "நீதானே எழுதினாய். ஏன் எண்டு சொல்லு."

சச்சி எழும்பினான்.

"எனக்கு ஒருத்தரைத் தெரியும்" என்றான். "நல்ல குடும்பம், படிச்ச ஆக்கள். கள்ளர் இல்லை. எங்கட நாட்டில இப்படித்தான் மாவட்டத்துக்கு இவ்வளவு இடம் எண்டு பிரிச்சவை. அந்த ஆள் தன்ரை தம்பிக்குத் தூரத்து மாவட்டத்து முகவரி ஒண்டைக் குடுத்தார். தம்பி பத்து நாள் தங்கிச் சோதினை எழுதினான். இண்டைக்கு அவன் டொக்டருக்குப் படிக்கிறான். முகவரி மட்டும் போதுமெண்டால் நல்ல ஆக்களும் இதைத்தான் செய்வினம்."

"சரி, அந்த இடம் ஆருக்கு வரவேண்டியது?" என்று க்ளின் விடாமல் கேட்டான். "அவன் இப்ப என்ன செய்யிறான்?"

சச்சி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பான்.

"மீன் சங்கத்தில ஐஸ் பெட்டிக்குத் துண்டு எழுதுறான்" என்றான்.

க்ளின் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தான். வாக்கெடுப்பில் ஏழு வாக்கு வித்தியாசத்தில் விதி நிலைத்தது, திட்டமும் நிறைவேறியது. எம்லின் ஓடிவந்து சச்சியைக் கட்டிப்பிடித்தான், கண் கலங்கியிருந்தது. அவன் தோளுக்கு மேலால் சச்சி பின்வரிசையைப் பார்த்தான். யோகா பற்றிஸ் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள். ஒருவருக்கும் நீட்டவில்லை.

ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். குரோய்டன் போனது, பேர்வுட் போனது. ஸ்ட்ராத்ஃபீல்ட் வர முன்னம் கேட்டாள்.

"அந்தத் தெரிஞ்ச ஆள் ஆரப்பா?"

முன்பின் தெரியாத நூறு பேருக்கு முன்னால் அவனுக்கு வார்த்தை வந்தது. ஒரே படுக்கையில் இரண்டு வருஷம் படுத்தவளிடம் வரவில்லை. அவமானத்தில் காதெல்லாம் சுட்டது.

"நான்தான்" என்றான். "எழுதினது சிறி. அப்ப எனக்கு உம்மையும் தெரியாது, வரதனையும் தெரியாது. பிறகு தெரியவந்தது. பயத்தில சொல்லேல்லை."

அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அப்படி ஏதும் செய்திருந்தால் அவனுக்கு இலேசாக இருந்திருக்கும். அவள் பற்றிஸ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "ஸ்டேஷன் வந்திட்டுது, இறங்குங்கோ" என்றாள்.

காலையில் அவன் எழும்பியபோது அவள் வேலைக்குப் போய்விட்டிருந்தாள். குசினி மேசையில் தேத்தண்ணி மூடி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு விமானக் கடிதம். வழக்கமாக அவள் எல்லாப் பக்கமும் நிரப்பி, அடியில் இரண்டு வரிக்கு மட்டும் இடம் விட்டிருப்பாள். சச்சி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடிதத்தை விரித்தான். உள்ளே ஒரு எழுத்துக்கூட இல்லை. திருப்பிப் பார்த்தான். வரதராஜா, மீன்பிடிச் சங்கம், மன்னார். முகவரியை மட்டும் அவள் எழுதி வைத்திருந்தாள்.