நீலக் கவுனின் பின்பக்கம்

பினாங்கின் சூலியா தெருவில் இருக்கும் ஷாஹிராவின் துணிக்கடைக்குப் படியேறித்தான் போக வேண்டும். ஏறி வருகிறவர்கள் குறைவு. வியாபாரம் முழுவதும் கைப்பேசியில்தான். புதன், சனி மாலை ஐந்து மணிக்கு நேரலை தொடங்கும். கைப்பேசிக்குப் பின்னால் ஷாஹிரா நிற்பாள். முன்னால் ரோசலின்.

ரோசலினைப் போல விற்கக்கூடிய ஆள் பினாங்கில் இன்னொருத்தி கிடையாது என்பது ஷாஹிராவின் தீர்மானம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தவள், ஆள் குறைப்பில் வெளியே வந்து வேலை தேடிப் படியேறினாள். முதல் நாளே எதிரே ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பதைப் போலக் கைப்பேசியோடு பேசினாள்.

"அக்காமாருங்களே, தங்கச்சிமாருங்களே, சோறு ஆக்கியாச்சா? ஆக்கலன்னா பரவால்ல, இன்னிக்கு ஒரு நாள் பொட்டலம் வாங்கிக்கலாம். முதல்ல இந்தக் கவுனப் பாருங்க."

நல்ல வாட்டசாட்டமான உடம்பு அவளுக்கு. அதுதான் கடையின் அதிர்ஷ்டமாக ஆனது. ஒல்லிப் பெண் உடுத்திக் காட்டினால், 'அவளுக்கு எதைப் போட்டாலும் எடுப்பா இருக்கும்' என்று விரலால் தள்ளிவிட்டுப் போகிற பெண்கள், ரோசலினைக் கண்டால் நின்றார்கள்.

"ஃப்ரீ சைஸ் லா. என்னைப் பாருங்க. எனக்கே போகுது, உங்களுக்குப் போகாதா?"

உண்மையில் அவளுக்குப் போகவில்லை. கவுனின் முதுகை ஷாஹிரா கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழே வரை வெட்டித் திறந்து, இரண்டு ஓரங்களையும் ரோசலினின் உள் டீ-ஷர்ட்டோடு ஊக்கு குத்தி நிறுத்திவிடுவாள். முன்பக்கம் பார்த்தால் அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். கோலாலம்பூரில் ஒரு தொலைக்காட்சி விற்பனை நிகழ்ச்சியில் உடுப்புப் பகுதியில் இருந்தபோது பழகிய வித்தை அது. அங்கே ஒல்லிப் பெண்களின் முதுகில் துணியைச் சேர்த்துப் பிடித்துக் கிளிப் போடுவார்கள்; பருத்த பெண்களின் முதுகை வெட்டுவார்கள். யாரும் அதை ஒரு தப்பாக நினைத்ததில்லை.

"இது சாம்பிள் லா அக்கா, சின்ன அளவு. கஸ்டமருக்குப் போறது பெரிய அளவு" என்று ஷாஹிரா முதல் நாள் சொன்னதை ரோசலின் அப்படியே நம்பிக்கொண்டாள்.

ஆகவே ரோசலின் கேமராவுக்கு முதுகு காட்டக் கூடாது. வேறு கவுன் மாற்றப் போகும்போதுகூட, ராஜசபையிலிருந்து விடைபெறுகிறவளைப் போல் பின்னோக்கியே நடந்து திரைக்குள் மறைய வேண்டும். அதையும் அவள் விளையாட்டாக்கிவிட்டாள். "ரோசலின் ரிவர்ஸ் போறா, வழி விடுங்க" என்று இடுப்பை ஆட்டிக்கொண்டே போவாள். கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறை ஊர் வரைக்கும் பிள்ளைகள் அதைச் செய்துகாட்டினார்கள். மறைக்க வேண்டிய ஒன்றை இத்தனை அழகாக மறைக்க முடியுமா என்று ஷாஹிராவே அசந்துபோயிருக்கிறாள்.

டிசம்பர் பிறந்தது. கிறிஸ்மஸை நம்பி, கையில் இருந்த எல்லாவற்றையும் போட்டு ஷாஹிரா நீலக் கவுன்களை இறக்கியிருந்தாள். மாடி முழுக்கப் பெட்டிகள். பண்டிகைக்குள் அவை தீர வேண்டும். தீராவிட்டால் புது வருடத்தில் கடை இல்லை. ரோசலின் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அவள் தூங்கினாள்.

அந்தப் புதன்கிழமை ரோசலின் சீக்கிரமே வந்துவிட்டாள். கையில் ஒரு நீலக் கவுன்.

"ஷாஹிரா, அந்தப் பெரிய அளவு எந்தப் பெட்டில இருக்கு?"

"என்னக்கா, வந்ததும் வராததுமா?"

"எங்க மாதா கோயில் பாடகர் குழுல எல்லாரும் வாங்கினாங்களே, நேத்து ஹால்ல போட்டுப் பாத்தாங்க. ஒருத்திக்கும் ஜிப் ஏறல. தப்பான பெட்டிலேருந்து அனுப்பிட்டே போல."

"ரொம்பத் திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா பரவால்லயே." ரோசலின் பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்தாள். "பெவர்லிய உனக்குத் தெரியும்ல? குழுவ நடத்துறவ. ஜிப் பாதியில நிக்குது. என்ன சொல்றா தெரியுமா? 'ரோசலினுக்கே போகுது, எனக்குப் போகலன்னா நான் எவ்வளவு பெருத்துட்டேன் பாரு'ங்கறா. பார்சல் வந்த நாள்லேருந்து ராத்திரி சோறு கிடையாதாம். வெள்ளரிக்காய் மட்டும்தானாம். நேத்து மேல எடுத்துப் பாடுறப்ப தலைய சுத்தி உக்காந்துட்டா."

ஷாஹிரா பக்கத்திலிருந்த பெட்டியை ஓரமாகத் தள்ளினாள்.

"எல்லாரும் சேந்து எங்கிட்ட டயட் கேக்குறாங்க. எங்கிட்ட, ஷாஹிரா. மூணு வேளையும் நாசி கண்டார் சோறும் குழம்புமா குடுத்தாலும் வேணாம்னு சொல்லாத ஆளு நான்."

வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். ஷாஹிராவுக்கு வேறொன்று உறைத்தது. இத்தனை நாளில் புகார் என்று வந்தது விரல்விட்டு எண்ணுமளவுதான். எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, அதனால்தான் யாரும் வாய் திறக்கவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். எத்தனை வீட்டில் எத்தனை பேர் கண்ணாடி முன்னால் நின்று தங்களையே திட்டிக்கொண்டு, கவுனை மடித்து அலமாரியின் அடியில் வைத்திருப்பார்கள்?

"பெரிய அளவுன்னு ஒண்ணு இல்லக்கா" என்றாள். "எல்லாப் பெட்டிலயும் இதுதான்."

ரோசலின் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. பெட்டிகளை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். மடியிலிருந்த கவுனை நீவிவிட்டாள்.

"அப்ப நான் இத்தனை நாளா எல்லார்கிட்டயும் பொய் சொல்லியிருக்கேன்."

"நீங்க இல்லக்கா. நான்தான்."

"வாய் என்னோடது லா" என்று எழுந்தாள். "சரி, மணி ஆகுது. ஊக்க எடு."

ஷாஹிராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவுக்கும் வீட்டுச் செலவு இருக்கிறது. வருத்தப்பட்டாலும் புரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைத்தபடி, வழக்கம்போலக் கவுனின் முதுகை விரித்து ஊக்குகளைக் குத்தினாள்.

ஐந்து மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. கிறிஸ்மஸ் நேரம், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ரோசலின் சோறு ஆக்கியாச்சா என்று கேட்டாள். நீலத்தின் அழகைச் சொன்னாள். துணி நல்ல துணி, சாயம் போகாது, நானே துவைத்துப் பார்த்தேன் என்றாள். அதெல்லாம் உண்மைதான். 'புளூ ஒண்ணு', 'புளூ ரெண்டு' என்று கமென்ட்கள் ஓடத் தொடங்கின.

"கொஞ்சம் இருங்க, யாரும் அவசரப்பட்டுப் போடாதீங்க" என்றாள் ரோசலின். "இந்தக் கவுனோட பின்பக்கத்த நீங்க யாரும் பாத்ததே இல்லல்ல?"

திரும்பி நின்றாள்.

கைப்பேசித் திரையில் அந்த முதுகு பெரிதாகத் தெரிந்தது. கிழிந்த வாயைப் போலத் திறந்து கிடந்த நீலத் துணி, இரண்டு பக்கமும் வரிசையாக ஊக்குகள், நடுவில் தொழிற்சாலை விளையாட்டு விழாவில் கொடுத்த பழைய மஞ்சள் டீ-ஷர்ட்.

ஷாஹிராவின் விரல் தானாகவே திரையை நோக்கிப் போனது. ஒரு தொடுதலில் எல்லாம் நின்றுவிடும். லைன் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"ஃப்ரீ சைஸ்னு சொன்னோம்" என்றது ரோசலினின் குரல். "எனக்கே போகுதுன்னு காட்டினோம். போகல. இப்படி வெட்டித்தான் மாட்டினோம். நாங்க உங்கள ஏமாத்தியிருக்கோம்."

முதலாளி ஏமாற்றினாள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊரே நம்பும், அதுதான் உண்மையும்கூட. ஆனால் பாதிப் பழியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். குரல் அசையவில்லை. வீட்டில் எடுக்கும் போட்டோக்களில்கூடப் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி உடம்பை மறைத்துக்கொள்கிறவள், தீவு முழுக்கப் பார்க்கட்டும் என்று முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு துணிச்சலை ஷாஹிரா தன் வாழ்நாளில் யாரிடமும் பார்த்ததில்லை. விரல் பின்வாங்கியது.

"ஷாஹிரா, அளவு டேப்ப எடுத்துட்டு வா லா."

ஷாஹிரா ஒரு நாளும் கேமரா முன்னால் வந்தவளில்லை. துடோங் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய் நின்றாள். ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். புதுக் கவுன் ஒன்றை மேசையில் விரித்துப் பிடித்து அளந்தாள்.

"மார்புச் சுத்து நாப்பது" என்றாள். தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது.

"இப்ப என்னை அள."

"நாப்பத்தாறுக்கா."

"கேட்டுக்கிட்டீங்களா? நாப்பதுக்குள்ள இருக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கவுன். மத்தவங்களுக்கு ஏறாது. மூச்ச இழுத்துப் பிடிச்சாலும் ஏறாது."

கமென்ட்கள் கொட்டத் தொடங்கின. 'ஏமாத்துக்காரிங்க.' 'என் ஆர்டர கேன்சல் பண்ணுங்க.' 'ரெண்டு கவுன் வாங்கி அலமாரில கெடக்கு.' ஷாஹிரா ஒன்றையும் தாண்டாமல் உரக்கப் படித்தாள். வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டு வரலாம், முழுப் பணமும் தருகிறேன் என்றாள்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் பெவர்லியின் பெயர் வந்தது. 'அப்ப நான் பெருத்துடலையா?'

ரோசலின் குனிந்து அதைப் படித்தாள்.

"பெருத்துத்தான் இருக்கோம் லா, நீயும் நானும். கவுனுதான் சின்னது. போய் முதல்ல சோத்தப் போட்டுச் சாப்பிடு."

அன்றைக்கு விற்றதைவிட ரத்தானதுதான் அதிகம். நேரலை முடிந்ததும் ஷாஹிரா பெட்டிகளுக்கு நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரோசலின் போய்விடவில்லை. தான் கொண்டு வந்திருந்த பெவர்லியின் கவுனை மேசைமேல் போட்டு, பக்கவாட்டுத் தையலைப் பிரித்தாள்.

"இன்னொரு கவுன வெட்டி ரெண்டு பக்கமும் துண்டு வெச்சா எனக்குக்கூடப் போகும். ஒண்ண பலி குடுத்தா ரெண்டு மூணு பிழைக்கும். எதுல வெட்டலாம் சொல்லு?"

"எதுல வேணும்னாலும் வெட்டுங்கக்கா" என்றாள் ஷாஹிரா. பிறகு கத்தரிக்கோலை அவளே வாங்கிக்கொண்டாள்.

மறுநாளே கவுன்களைத் திருப்பிக் கொடுக்கப் பெண்கள் படியேறி வந்தார்கள். சிலர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பணத்தை வாங்கிப் போனார்கள். வந்த இடத்தில் டேப்போடு நின்ற ஷாஹிராவைப் பார்த்து, "சரி, என்னையும் அளந்து துண்டு வெச்சுக் குடு" என்றவர்கள் அதைவிட அதிகம். கோபித்துக்கொண்டு வந்த ஒருத்தி, அடுத்த நாள் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முகூர்த்த நாள் கல்யாண வீட்டைப் போல மாடி இரைந்தது. மூன்று கவுனில் ஒன்று துண்டாகப் போனதால் லாபம் சுருங்கியதுதான். ஆனாலும் கிறிஸ்மஸுக்கு முந்தைய புதன்கிழமை, சுவரோரம் நாலைந்து பெட்டிதான் மிச்சம். புது வருடத்துக்கும் கடைச் சாவி ஷாஹிராவின் கையிலேயே இருக்கும் என்பது உறுதியாயிற்று.

அன்றைய நேரலையில் ரோசலின் துண்டு வைத்த நீலக் கவுனில் நின்றாள். ஊக்கு ஒன்றுகூட இல்லை. முடிக்கப் போகும் நேரத்தில், 'ரிவர்ஸ், ரிவர்ஸ்' என்று கமென்ட்கள் கேட்டன.

"ரிவர்ஸ் கெட்டுப்போச்சு" என்றாள் ரோசலின். "பெவர்லி பாட்டுப் பயிற்சிக்குக் காத்துக்கிட்டு இருக்கா, லேட்டாப் போனா பாட்டாலேயே ஏசுவா. வரேன் லா."

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கவுன் பின்னால் அலை அலையாக விழ, நிதானமாகப் படியை நோக்கி நடந்தாள். அவள் தலை மறையும்வரை ஷாஹிரா நேரலையை நிறுத்தவில்லை.