மைக்கம்மா வீட்டு விசேஷம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது பாங்க் பாஸ்புக்கோடு சரி. மற்றபடி ஊருக்கெல்லாம் அவள், விசேஷங்களில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துகிற மைக்கம்மா. பிறந்தநாளோ, ரிசப்ஷனோ, ஆபீஸ் விருந்தோ, எதுவானாலும் "மைக்கம்மாவுக்குச் சொல்லியாச்சா?" என்று ஒருவர் கேட்பார். "சும்மா நாலு வார்த்தை பேசறதுக்கு ஒரு ஆளா? நம்ம சித்தப்பா பேசமாட்டாரா?" என்று இன்னொருவர் கேட்பார்.

பேசுவார். சித்தப்பாவா பேசமாட்டார்? மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் அப்புறம் பிடுங்கத்தான் ஆள் வேண்டும். அப்படிச் சித்தப்பாவை நம்பின விசேஷம் ஒன்றுக்குப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் ஜவுளிக்கடை பொம்மை மாதிரி நிற்பார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாடு தயாரா இல்லையா என்று சொல்ல நாதி இருக்காது. ஒருத்தர் எழுந்தால் போதும், மொத்தக் கூட்டமும் பந்திக்கு ஓடி, சாப்பிட்டு, கையைக் கழுவி, அப்படியே வாசல் வழியாகக் கரைந்துவிடும். வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த விசேஷம், கடைசியில் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்த மாதிரி முடிந்துபோகும்.

மைக்கம்மா இருந்தால் அப்படி ஆகாது. முகம் கொடுத்துப் பேசாத மாமாவை ஆடவைப்பாள். அழுகிற குழந்தையைப் பாடவைப்பாள். யார் முகம் சுண்டுகிறது, யாருக்குப் பசிக்கிறது, எல்லாம் அவள் கண்ணில் படும். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வேலையை ஒப்புக்கொண்டாலும் முன்கூட்டியே அந்த வீட்டுக்குப் போவாள். கொடுக்கிற காபியை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "இந்த வீட்ல எதைப் பேசக்கூடாது?"

"ஐயோ, எங்க வீட்ல அப்படியெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க" என்பார்கள் எல்லோரும். எல்லோரும் என்றால் எல்லோரும்தான். அவளும் சரி என்று எழுந்துகொள்வாள். வாசலில் செருப்பை மாட்டும்போது மெதுவாக மாட்டுவாள். அப்போதுதான் யாராவது பின்னாலேயே வந்து, "ஒரு விஷயம்..." என்று ஆரம்பிப்பார்கள். பெரியவர் இரண்டாம் தாரம் கட்டினது, தம்பி வேலை போனது, செத்துப்போன குழந்தை. இது தெரியாமல் மைக்கைத் தொடமாட்டாள்.

இப்படி ஊர்ச் சிரிப்பையெல்லாம் தூக்கிச் சுமந்ததில் அவளுக்கு உடம்பு ஓய்ந்துவிட்டது. குரல் காலையில் எழும்பவே வெந்நீர் வேண்டும். பாதம் இரண்டும் வீங்கி, பழைய செருப்புக்குள்ளேயே நுழைய மறுத்தன. வீட்டுக்கு வந்தால் தாடை வலிக்கும். சிரித்துச் சிரித்து வலிக்கிற தாடையை எந்த டாக்டரிடம் காட்டுவது? புருஷன் போன பிறகு, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தொடங்கின பிழைப்பு. அந்தக் கைக்குழந்தைக்குத்தான் இப்போது கல்யாணம் முடிந்து ரிசப்ஷன்.

மகள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எனக்கு நகை வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அன்னிக்குச் சாயங்காலம் பூரா நீ என் பக்கத்துல உக்காந்திருக்கணும். கையில மைக் இல்லாம."

"இதென்னடி பெரிய வரம் கேக்கற மாதிரி?"

"என் பர்த்டே ஒவ்வொண்ணுக்கும் நீ வேற பசங்களுக்குக் கைதட்டிட்டு இருந்தேம்மா. 'இதோ வந்துட்டேன்'னு போவே. நான் தூங்கினப்புறம் பலூனோட வருவே."

சண்டை போடுகிற குரலில் சொல்லியிருந்தால் மைக்கம்மா சமாளித்திருப்பாள். மகள் துணியை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். மைக்கம்மா மடித்த துணியை வாங்கி வைத்தாள். "சத்தியமா உக்கார்றேன்" என்றாள்.

உட்கார வேண்டுமென்றால் வேறு ஆளைப் பேச வேண்டும். பேசினாளா? அங்கேதான் அம்மாவின் கொழுப்பு குறுக்கே வந்தது. ஒருத்தன் வந்தான், ரயில் பிடிக்கப் போகிறவன் மாதிரி பேசினான். வேண்டாம். ஒருத்தி வந்தாள், குண்டாக இருப்பவர்களைக் கிண்டல் பண்ணித்தான் சிரிக்கவைப்பேன் என்றாள். அவளுக்கு வாசலைக் காட்டினாள் மைக்கம்மா. மிச்சம் இருந்தது குடைக்காரர். கோட்டுக்குள்ளிருந்து குடை எடுத்து, குடைக்குள்ளிருந்து குட்டிக் குடை எடுத்து, அதற்குள்ளிருந்து இன்னொன்று எடுத்து, "மழை வர்ற வரைக்கும் நிறுத்தமாட்டேன்" என்று ஒரு ஜோக் சொல்வார். இவளைப் போலவே காலங்காலமாக இந்தத் தொழிலில் இருப்பவர். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். "அந்தக் குடை ஜோக்கை என் பொண்ணு ரிசப்ஷன்லயும் கேக்கணும்னு எனக்குத் தலையெழுத்தா?" என்று விருந்துக்கு மட்டும் அவரை அழைத்துவிட்டு வந்தாள்.

அவளுடைய அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"வெளியாள் எதுக்கும்மா? நான் இல்லையா? எங்க ஆபீஸ் ஆண்டுவிழாவுல வருஷா வருஷம் யார் பேசறதுன்னு நினைச்சே?"

ஆபீசில் மேலதிகாரி பேசினால் கீழே இருப்பவர்கள் சிரித்துத்தானே ஆக வேண்டும்! இதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அன்றைக்குக் காலையில் ஒரு பிறந்தநாள், மத்தியானம் ஒரு கடைத் திறப்பு. வாதாடத் தெம்பு இல்லை. "சரிண்ணா" என்றாள். ஊரார் வீட்டில் இப்படி ஒரு 'சரி'யை அவள் விட்டிருப்பாளா? தன் வீடு என்றதும் விட்டுவிட்டாள்.

விசேஷத்தன்று மேடையில் மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மேடையில் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகளே அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலி சுகமாக இருந்தது. அடடா, உட்கார்வது என்றால் இதுதானா என்று பாதம் இரண்டும் மெல்லப் பெருமூச்சு விட்டன.

அண்ணன் மைக்கை எடுத்தார். அது 'கீய்ங்' என்று கத்தியது. வந்திருந்தவர்களைப் பதவிவாரியாக வரவேற்க ஆரம்பித்தார், வரவேற்றார், வரவேற்றுக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் போன் வெளிச்சம் ஒவ்வொன்றாக எரிந்தது. குழந்தைகள் நாற்காலிக்கு அடியில் ஓடின. மைக்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகட்டும், சலிப்புதானே, யாரும் சலிப்பில் செத்துப்போவதில்லை.

அப்போது அண்ணனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"இப்ப ஒரு கலகலப்பு வேணுமில்லையா! நம்ம சம்பந்தி ரெண்டு பேரும் ஏன் இந்தக் கோடியில ஒருத்தர், அந்தக் கோடியில ஒருத்தர்னு உக்காந்திருக்கீங்க? கல்யாண நாள் ஞாபகமா ஜோடியா மேடைக்கு வந்து ஒரு ஆட்டம் போடுங்க பார்ப்போம்!"

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் பிரிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இருவரும் ஒரே கூரைக்கு அடியில் வந்து உட்கார்ந்ததே மகனுக்காகத்தான். சம்பந்தம் பேசின அன்றே, செருப்பு மாட்டுகிற இடத்தில், மாப்பிள்ளையே மைக்கம்மாவிடம் சொன்ன விஷயம் இது. அண்ணன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை.

சம்பந்தியம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அந்தக் கோடியில் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து கதவைப் பார்த்தார். மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணன் மட்டும், "வெக்கத்தைப் பாருங்க!" என்று தானே சிரித்துக்கொண்டார்.

மைக்கம்மா எழுந்துவிட்டாள். எழுந்தது கால்தான், அவள் இல்லை. மகளைத் திரும்பிப் பார்த்து, "இதோ வந்துட்டேன்" என்றாள். சொன்ன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று உறைத்தது. மகள் மடியிலிருந்த கையை விட்டாள்.

அண்ணனிடமிருந்து மைக்கை வாங்குவது குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குகிற மாதிரி. சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

"எங்கண்ணன் அவசரக்காரர், பாதிதான் சொன்னார். ஆட்டம் இல்லீங்க, போட்டி! மாப்பிள்ளையோட அம்மா அந்தப் பக்கத்துக்குத் தலைவி. அப்பா இந்தப் பக்கத்துக்குத் தலைவர். ரெண்டு பேரும் இருந்த இடத்துலயே இருங்க, தலைவருங்க எதுக்கு எழுந்திருக்கணும்? கேள்வியெல்லாம் மாப்பிள்ளையைப் பத்தித்தான். சின்ன வயசுல யாருக்கு அதிகமா டிமிக்கி கொடுத்தார்? முதல்ல கை தூக்கறவங்க பக்கத்துக்குத்தான் முதல் பந்தி!"

முதல் பந்தி என்றதும் பின்வரிசைப் போன்கள் அணைந்தன. கைப்பை தோளிலிருந்து இறங்கியது. "எனக்குத்தான்!" என்று அப்பா கத்தினார். "பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னுட்டு மொட்டை மாடியில தூங்கினது யாருக்குத் தெரியும்?" என்று அம்மா பதில் கொடுத்தாள். மண்டபம் இரண்டாகப் பிரிந்து கைதட்டியது. பெற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே பிள்ளையைப் பற்றிப் போட்டி போட்டுக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு முகத்தில் உயிர் வந்தது.

ஆயிற்று, மைக்கை வைத்துவிட்டுப் போய் உட்கார வேண்டியதுதானே? யாரிடம் வைப்பது? அண்ணன் கையை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். இன்னும் ஒரு விளையாட்டு முடியட்டும் என்று நினைத்தாள். அது முடிந்ததும் பாட்டு. அப்புறம் குழந்தைகள். வாய் பாட்டுக்கு ஓடியது. அசதி தாங்காமல் மனசு மட்டும் எங்கேயோ ஓரமாகச் சுருண்டு படுத்துவிட்டது. அது அவளுக்குக் கைவந்த வித்தை, தூங்கிக்கொண்டே மண்டபத்தைச் சிரிக்கவைப்பாள். எந்த வீடு, யார் விசேஷம் என்பதெல்லாம் அப்போது மறந்துபோகும்.

எல்லா ரிசப்ஷனிலும் அவள் கடைசியாகச் செய்வது ஒன்று உண்டு. பொண்ணைப் பெற்றவள் பாவம் எப்போதும் பந்தியிலோ அடுப்பங்கரையிலோதான் நின்றுகொண்டிருப்பாள். அவளைத் தேடிப் பிடித்து மேடையேற்றி, மகளுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பாள். அதற்கு விழுகிற கைதட்டல் வேறு எதற்கும் விழாது.

அந்த இடம் வந்தது. மேடையில் மகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருப்பது கண்ணில் பட்டது.

"அட, என்னங்க இது அநியாயம்! பொண்ணு பக்கத்துல நாற்காலி காலியா கிடக்கு! பொண்ணோட அம்மா எங்கே? ஊரையே கவனிச்சது போதும், பெத்த பொண்ணைக் கொஞ்சம் கவனிங்க தாயே! பொண்ணோட அம்மா, எங்கிருந்தாலும் மேடைக்கு வாங்க!"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. என்ன போடு போடுகிறாள் பார் என்று அண்ணனே கைதட்டினார். அவள் நெற்றிக்கு மேல் கையை வைத்து, விளக்கு வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, பந்தி வாசல் பக்கம் தேடினாள். நிஜமாகவே தேடினாள். அந்த அம்மா எந்த நிறப் புடவை கட்டியிருந்தாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள்.

சிரிக்காதவர்கள் இரண்டே பேர். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருந்த குடைக்காரர் தலையை நிமிர்த்தி அந்தக் கையைப் பார்த்தார். அது நடிப்புக்கு வைக்கிற கை இல்லை என்று தொழில்காரனுக்குத் தெரியாதா? இன்னொருத்தி, மகள். அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து தாயின் முழங்கையைத் தொட்டாள்.

"அம்மா. நீதாம்மா."

மைக்கம்மா நெற்றியிலிருந்த கையை இறக்கினாள். மைக் கையில் இருக்கும்போது அவளுக்கு வார்த்தை வராமல் போனது அதுதான் முதல் தடவை. பெற்ற மகளின் விசேஷத்தில் பெற்றவளைத் தேடினாளே, இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது! மகள் அழவுமில்லை, கோபித்துக்கொள்ளவுமில்லை. தூக்கத்தில் நடக்கிறவரைக் கூட்டிப்போகிற மாதிரி கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். கையிலிருந்து நழுவின மைக் படிக்கட்டில் கிடந்தது.

அண்ணன் குனிவதற்குள் இன்னொரு கை அதை எடுத்துவிட்டது. ஈரக் கை. குடைக்காரர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். அண்ணனிடம், "சார், ரெண்டாவது பந்தியில உங்களைத்தான் தேடறாங்க, நீங்க இல்லாம அங்க ஒண்ணும் ஓடலையாம்" என்றார். அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பெருமையாகப் போனார்.

குடைக்காரர் மேடையேறி அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினார்.

"குடை கொண்டுவந்திருக்கீங்களா?" என்றாள். வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"விருந்துக்கு வந்தவன் குடையோடவா வருவேன்?" என்றவர், வாசல் பக்கம் கண்ணைக் காட்டி, "வண்டியில இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மைக்கம்மா, இந்த வீட்ல எதைப் பேசக்கூடாது?"

ஊரையெல்லாம் அவள் கேட்ட கேள்வி. அவளை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"எங்க வீட்ல அப்படியெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க" என்றாள்.

குடைக்காரர் தலையாட்டினார். எழுந்தார். மெதுவாகத்தான் எழுந்தார், செருப்பு மாட்டுகிறவர் மாதிரி.

"ஒரு விஷயம்..." என்றாள் மைக்கம்மா.

அவர் திரும்பினார்.

"பொண்ணோட அம்மா இப்ப ரெண்டு வார்த்தை பேசுவாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவ ரொம்பக் களைச்சுப் போயிருக்கா. கொஞ்ச நேரம் உக்காந்திருக்கட்டும்."

அவர் மைக்கோடு இறங்கிப் போனார். மகள் தாயின் கையை எடுத்து மறுபடியும் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அதே பழைய குடை வந்தது, குடைக்குள் குட்டிக் குடை வந்தது, மழை வருகிற வரைக்கும் நிறுத்தமாட்டேன் என்ற அதே ஜோக்கும் வந்தது. மண்டபத்தில் யார் சிரிக்கிறார்கள், யார் சிரிக்கவில்லை என்று மைக்கம்மா பார்க்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.