ஜாமீனில் நிற்கும் பிஸ்தா மரம்

இந்த ரொட்டியின் மேல், இந்த உப்பின் மேல், என் மீசையில் இன்னும் நரைக்காமல் மிச்சமிருக்கும் அந்த ஒற்றை முடியின் மேல் ஆணை: நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஈரானில் எங்கள் ஊர் தாம்கானில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். குர்பானை மட்டும் கேட்காதீர்கள், அவன் சிரித்துவிடுவான்.

குர்பான் என் பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு முற்றங்களுக்கும் நடுவில் ஒரு மண்சுவர். ஒரு குளிர்கால முடிவில் என் மரங்களைக் கவாத்து செய்தேன். மாதுளையின் தூரில் முளைத்த போத்துகளைக் களைந்தேன். பாதாம் மரத்துக்குள் வெளிச்சம் விழும்படி குறுக்குக் கிளைகளை எடுத்தேன். கை சூடேறிவிட்டது, ரம்பம் நிற்க மறுத்தது. சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த ஒரு கொழுத்த கிளையையும் அறுத்துக் கீழே தள்ளிய பிறகுதான் அது குர்பானின் ஆப்ரிகாட் என்று தெரிந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

அந்தப் பகை அதுபாட்டுக்கு இருந்திருக்கும். ஆனால் என் முற்றத்தில் ஒரு பிஸ்தா மரம் நிற்கிறது. நட்ட நாளிலிருந்து அது காய்த்ததில்லை. அடுத்த நவ்ரூஸ் நெருங்கியபோது என் மனைவி மாஹ்ரோக் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"மஷ்தி, புது வருஷத்துக்கு ஊரே சொந்த மரத்துப் பிஸ்தாவைத் தட்டுல வைக்குது. நாம கடையில வாங்கி வைக்கிறோம். ஒண்ணு அதை மிரட்டுங்க, இல்ல வெட்டுங்க. அந்த இடத்துல எனக்கு ரொட்டி அடுப்பு போடணும்."

என் மதியத் தூக்கம் அந்த மரத்தின் நிழலில்தான். ரொட்டி அடுப்பின் நிழலில் தூங்கிப் பாருங்கள், என் கவலை புரியும்.

மரத்தை மிரட்ட எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. வீட்டுக்காரன் கோடரியை ஓங்கி, வெட்டப் போகிறேன் என்று கத்த வேண்டும். வெளியாள் ஒருவன் ஓடிவந்து கையைப் பிடித்து, 'விடு, அடுத்த தடவை காய்க்கும், நான் ஜாமீன்' என்று சொல்ல வேண்டும். கோடரி இறங்கும், மரம் பயந்து காய்க்கும். வீட்டாள் நின்றால் ஜாமீன் செல்லாது.

கோடரியை ஓங்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் குர்பான் ஏணி மேல் நின்றிருந்தான்.

"குர்பான்! நான் இதை வெட்டப் போறேன்!"

"வெட்டேன்."

"நெஜமாவே வெட்டிடுவேன்டா!"

"என் கிளைய அறுக்கறப்ப என்னைக் கேட்டா அறுத்த? இப்ப மட்டும் என்ன மரியாதை?"

ஜாமீன் இல்லாமல் கோடரியை இறக்கினால் முற்றத்தில் எந்த மரமும் என்னை மதிக்காது. மாதுளை ஏற்கெனவே இளித்துக்கொண்டிருந்தது. ஆகவே ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றேன். மாஹ்ரோக் ரொட்டியையும் தயிரையும் வாயில் ஊட்டினாள். ஒரு சிட்டுக்குருவி என் அக்குளில் கூடு கட்டத் தொடங்கியது. அது பாவம் என்று கூச்சத்தை அடக்கிக்கொண்டேன். கோடரியின் முசுக்கட்டைக் காம்பு துளிர்விட்டது.

"அடுப்புக்கு மண்ணு குழைக்கட்டுமா?" என்றாள் மாஹ்ரோக், பால் போன்ற குரலில்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். "குர்பான், தப்புதான்டா, மன்னிச்சிடு."

"எங்கிட்ட எதுக்குக் கேக்குற? யாரை அறுத்தியோ அவகிட்ட போய்க் கேளு."

ஓங்கிய கோடரியோடு தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். ரொட்டிக்கடைக்காரர் கடையைச் சாத்தினார். குர்பானின் ஆப்ரிகாட் முழுக்கப் பூத்து நின்றது. கோடரியோடு என்னைக் கண்டதும் அத்தனை பூவையும் மடித்துத் திரும்ப மொட்டாக்கிக்கொண்டது.

"தாயி, கை தவறிப்போச்சு. பெரிய மனசு பண்ணு" என்றேன்.

மொட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்தன. கடைசிப் பூ, நான் அறுத்த காயத்தின் ஓரத்திலேயே விரிந்தது. குர்பான் மூக்கை உறிஞ்சினான். என்னைத் தள்ளிக்கொண்டு என் முற்றத்துக்கு வந்தான், பிஸ்தா மரத்தின் முன்னால் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"விடுப்பா மஷ்தி சஃபர். காய்க்கும். நான் ஜாமீன்" என்றான். ஏனோ மீசை துடிக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

கோடரி இறங்கியது. குருவிதான் கோபித்துக்கொண்டு போனது.

இலையுதிர் காலம் வந்தது. மரம் காய்த்தது பாருங்கள், இலை தெரியவில்லை! ஓடு வெடித்த பிஸ்தாவை எங்கள் ஊரில் சிரிக்கும் பிஸ்தா என்போம். அத்தனையும் ஒரே காலையில் சேர்ந்து சிரித்தன. தெருவில் போன கழுதை, தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று சுமையை இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிற்று. மாஹ்ரோக் அடுப்புப் பேச்சை விட்டாள். மரம் இன்றும் குர்பானின் ஜாமீனில்தான் நிற்கிறது. நான் அதன் நிழலில் தூங்குகிறேன்.

பிஸ்தாவில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள், காய்ப்பது பெண் மட்டும். எங்கள் முற்றத்தில் நிற்பது ஆண்.