தனி அடுப்பு

எங்கள் ஊருக்கு அரசாங்கத்தில் பன்னிரண்டு வீடுகள் ஒதுக்கியிருந்தார்கள். குறைந்த வாடகை, இரண்டு அறை, சின்னக் குடும்பங்களுக்கு. குடியிருக்க வீடு கிடைக்காமல் கல்யாணமான சின்னஞ்சிறுசுகள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டதில், பள்ளிக்கூடத்தில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள். பிரசவம் பார்க்கும் செவிலி ஈ ஓட்டுகிறாள். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு நிற்க நேரமில்லை.

விதி ஒன்றே ஒன்றுதான். பெற்றோர் வீட்டில் ஒண்டியிருந்தாலும், தனி அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டால்தான் தனிக் குடும்பம். அப்படிப் பன்னிரண்டு குடும்பங்களாவது தேறாவிட்டால் வீடுகள் பக்கத்து ஊருக்குப் போய்விடும். கணக்கெடுக்கும் வேலை நகர மன்ற எழுத்தரான என் தலையில் விழுந்தது.

விதி வெளியான மறுநாளே கடையில் அடுப்பு தீர்ந்துபோயிற்று. யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்? போகிற வீட்டிலெல்லாம் பர்னரைச் சுற்றி விரலால் ஒரு இழுப்பு இழுப்பேன். பிசுக்கு ஒட்டாவிட்டால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவேன். மூன்றே நாளில் எனக்குப் 'பிசுக்கம்மா' என்று பட்டம் கிடைத்தது.

தச்சரின் மனைவி நிறைமாத வயிற்றோடு என் பின்னாலேயே வாசல்வரை வந்தாள்.

"அக்கா, மாமியார் வீட்டோட ஒண்ணா சமைச்சாதான் எங்களுக்குக் கட்டுப்படியாகுது. அதுக்காக நாங்க குடும்பம் இல்லையா?"

"விதி நான் போட்டதில்லைம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். செய்தது சரி என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எண்ணிப் பார்த்தால் தேறியது பதினொன்று. அடித்தது ஏழு. நகர மன்ற மேலாளர் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க பொண்ணு குடும்பம் உங்க வீட்டுலதானே இருக்கு? அதையும் பாத்துடலாம். உங்க வீட்டை நீங்களே பாக்கக் கூடாது, மத்தியானம் நான் வர்றேன். மத்த வீட்டுக் கணக்குல எதையாவது திருத்தணும்னா அதுக்குள்ள திருத்திடுங்க."

என் மகளும் மருமகனும் இரண்டு வயதுப் பேத்தியும் என் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறார்கள். இந்த வீடு கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் நகரத்துக்குக் கிளம்புவதாக மருமகன் சொல்லிவிட்டார். மூன்று வேளையும் என் அடுப்பில்தான் சமையல். அது ஊருக்கே தெரியும்.

மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தேன். பின்னறையில் பெட்டியின் மேல் ஒரு புது அடுப்பு. ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. மகள் தலை குனிந்து நின்றாள்.

"திட்டாதேம்மா. உன்கிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டேன்னு தெரியும்."

திட்டத்தான் வாயெடுத்தேன். கட்டிலில் பேத்தி ஒற்றைச் செருப்போடு தூங்கிக்கொண்டிருந்தாள். இவள் இல்லாத வீட்டில் நான் யாருக்காகச் சமைப்பேன்?

ஸ்டிக்கரைக் கிழித்தேன். டீ போட்டேன். பாலும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்த்து, தீயைக் கூட்டி வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். பொங்கி வழிந்து பர்னரைச் சுற்றிக் கருகியது. மகள் துணியோடு ஓடி வந்தாள்.

"துடைக்காதே."

"என்னம்மா சொல்றே?"

"காயட்டும். அடுத்ததா எண்ணெயில எதையாவது தாளி. மத்தியானம் மேலாளர் வந்து விரலால இழுத்துப் பாப்பார்."

அவள் என்னையே பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், அழுதாள். எனக்குத் தச்சரின் மனைவி நின்ற வாசல் ஞாபகம் வந்தது. அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. கேட்க வந்தவளுக்கு நான் விதியைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

பட்டியலையும் மிச்சமிருந்த டீத்தூளையும் பையில் போட்டுக்கொண்டேன்.

"இந்த வெயில்ல எங்கம்மா போறே?"

முட்டி வலித்தது. அடித்த ஏழு வீட்டுக்கும் நடக்க வேண்டியிருந்தது.