பில் இல்லாத சார்ஜர்

"கடையில விக்கிற சாமானை வாங்கினால் உங்கட கை தேய்ஞ்சு போகுமே?" இராசமலரின் சத்தம் வேலி தாண்டி ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"கடைச் சாமான்தானே எரிஞ்சது," என்றான் புருசன் தவராசா. "நான் செய்தால் எரியாது, இருந்து பாரும்."

இரண்டாயிரத்து ஏழு அது. பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துப்போன இராசமலர், சல்லி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகக் கொழும்பிலிருந்து பற்றறி ஸ்கூட்டர் ஒன்று எடுப்பித்திருந்தாள். கறண்ட் கூடிக் குறைந்த ஒரு மத்தியானம் அதன் சார்ஜர் புகைந்து போனது. றேடியோ திருத்துகிற தவராசாவுக்கு அது திருவிழா.

அவளுடைய பயம் வேறு. வயர், பற்றறி என்றாலே சண்டை நடந்த அந்த நாளில், குண்டுக்கோ என்று ஆமிக்காரர் பில் கேட்பார்கள். வாங்கியதற்குப் பில் இருக்கும், கையால் செய்ததற்கு என்னத்தைக் காட்டுவது? வீட்டுக்குள் கிடக்கிற சாமானுக்கு ஆர் பில் கேட்கப் போகிறான் என்று அவன் சிரித்தான். கெட்டிக்காரன்தான். ஊரில் சனி பிடித்ததெல்லாம் கெட்டிக்காரரைத்தான்.

பிஸ்கட் ரின்னுக்குள் சார்ஜருக்கான எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டினான். பற்றறி கொதித்துவிடாமல் நாலு மணித்தியாலத்தில் கறண்டை வெட்ட ஓர் அலாரம் மணிக்கூட்டையும் வைத்தான். மணிக்கூட்டைக் கண்டால் குண்டென்றே முடிவு கட்டுவாங்கள் என்றாள் அவள். கழற்றச் சொன்னாள். அவன் கேட்கவில்லை. எதிர்வீட்டுக் கமலாதேவி வந்து பார்த்துவிட்டு, சந்தையில் அதைக் கைகால் வைத்து வர்ணித்தாள். கெட்ட எண்ணமில்லை, அன்றைக்கு வேறு கதை கிடைக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை ஆமியின் சுற்றிவளைப்பு. மற்ற வீடுகளில் அலுமாரி, குசினி எல்லாம் கிண்டினார்கள். தவராசா வீட்டில் நேரே ஸ்கூட்டரடிக்குப் போனார்கள். ரின்னையும் அவனையும் ஒன்றாக ஏற்றினார்கள்.

இராசமலர் கொழும்பு மச்சானுக்குப் போன் எடுத்து, சார்ஜர் ஒன்று வாங்கிப் பில்லை பஸ்ஸில் அனுப்பச் சொன்னாள். உள்ளுக்குள் இருப்பது கடைச் சாமான், மூடி உடைந்ததால் ரின்னில் போட்டது என்று சொல்லலாம். பில் கைக்கு வந்ததும் மடிப்புக் கலையாமல் முகாம் வாசலில் நீட்டினாள். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவன் அதை ஆறுதலாக, வரி வரியாக வாசித்தான்.

"புருசனை எப்ப பிடிச்சது?"

"செவ்வாய்க்கிழமை, ஐயா."

"பில் புதன்கிழமை."

மச்சான் போன கடைக்காரன் அவ்வளவு நேர்மையானவன். அதிகாரி பில்லைத் திருப்பித் தரவில்லை, நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

தவராசாவைத் தெற்கே கொண்டுபோனதாகக் கேள்வி. கண்டவர் இல்லை. இராசமலர் அடுத்த வருசம் இடமாற்றம் எடுத்து மட்டக்களப்பில் தமக்கையோடு போய் இருந்தாள். அங்கே அவளுக்கு மறுகலியாணம் பேசினார்கள். அவள் பொட்டையும் அழிக்கவில்லை, சம்மதிக்கவும் இல்லை. கமலாதேவியின் மகள் அந்த ஆவணியில் கனடா மாப்பிள்ளையைக் கட்டினாள். பின்னாலேயே கமலாதேவியும் போய்விட்டாள்.